அத்தியாயம் 4: மாத்திரைக்கு வீட்டில் ஓர் இடம்

எச்ஐவிக்குக் கூட்டு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் இப்போது பெரும்பாலான பெரியவர்களுக்குக் கொடுப்பது ஒரே ஒரு மாத்திரைதான். டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெகிராவிர் 50 என்று மூன்று மருந்துகள் அதற்குள் சேர்ந்திருக்கின்றன. சுருக்கமாக டிஎல்டி என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டால் முடிந்தது. இதில் என்ன கஷ்டம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத நாளிலும், கல்யாண வீட்டில் தங்கியிருக்கும் நாளிலும், வீட்டில் சண்டை நடந்து யாரும் சாப்பிடாமல் படுத்த நாளிலும், முப்பது நாற்பது வருஷம் அதைப் போட வேண்டும் என்பதுதான் கஷ்டம். சிகிச்சையில் இருப்பவருக்கும் அவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்தே இந்த அத்தியாயம்.

மாத்திரை உள்ளே போனபின்

சிகிச்சை எடுக்காத உடம்பில் எச்ஐவி ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி புதிய வைரஸ்களாகப் பெருகுகிறது. நோயை எதிர்க்க நாம் நம்பியிருக்கும் சிடி4 அணுக்களுக்குள் புகுந்து, அவற்றைக் கொண்டே தன்னைப் பெருக்கி, கடைசியில் அவற்றையே அழிக்கிறது. வைரஸ் தன் மரபுச் செய்தியை நகலெடுக்கும் கட்டத்தில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதை மறிக்கின்றன. அந்த நகல் நம் அணுவின் மரபணுவுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் கட்டத்தில் டோலுடெகிராவிர் மறிக்கிறது.

மாத்திரை போட்டதும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். பிறகு மணிக்கு மணி குறையும். டோலுடெகிராவிர் சுமார் 14 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அடுத்த நாள் அதே நேரம் வரும்போதும் வைரஸை அடக்கும் அளவு மிச்சமிருக்கும். 24 மணி நேர இடைவெளி என்று வைத்திருப்பதன் கணக்கு அதுதான். அடுத்தடுத்து நாட்களை விட்டால், வைரஸ் தலையெடுக்கிற அளவுக்கு மருந்து இறங்கிவிடும். ஆனால் முழுதாக வற்றியிருக்காது. இந்த அரைகுறை நிலையில்தான் ஆபத்து இருக்கிறது. எச்ஐவி தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை செய்யும். அப்படிப் பிழையாகப் பிறந்தவற்றில் எது அந்தக் கொஞ்ச மருந்தைத் தாங்குமோ அது மட்டும் பிழைத்து, பல்கிப் பெருகும். மருந்து எதிர்ப்பு உண்டாவது இப்படித்தான். லாமிவுடினை முறியடிக்க வைரஸில் ஒரே ஒரு மாற்றம் போதும். டோலுடெகிராவிரை அவ்வளவு சுலபமாக முறியடிக்க முடியாது. அதனால் டிஎல்டி, முன்பு இருந்த கூட்டு மருந்துகளைவிட ஓரிரு தவறுதலைத் தாங்கும்.

ஒரு நாள் மாத்திரை விட்டுப்போனதால் மருந்து எதிர்ப்பு வந்துவிடாது. ஒரு வேளை தப்பினாலும் உயிருக்கு ஆபத்து என்று மிரட்டி மாத்திரை சாப்பிட வைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் அதன் விளைவு கெட்டது. மிரட்டப்பட்டவர் மூன்று நாள் விட்டதும், இனி எல்லாம் போச்சு என்று நினைத்து மையத்துப் பக்கமே வராமல் இருந்துவிடுவார். மூன்று நாள் என்பது மூன்று மாதமாகிவிடும்.

மருந்தை முழுதாக நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வைரஸ் ரத்தத்தில் திரும்பிவிடும். பத்து வருஷம் வைரஸ் தெரியவில்லை என்று முடிவு வந்தவருக்கும் இதே கதிதான். சில சிடி4 அணுக்கள் வைரஸைத் தமக்குள் வைத்துக்கொண்டு உறங்குகின்றன. இன்றுள்ள எந்த மாத்திரையும் அந்த உறங்கும் அணுக்களைத் தொடாது. "ரிப்போர்ட்டில் வைரஸே இல்லைன்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்ற கேள்விக்குப் பதில் இதுதான். வைரஸ் தெரியாமல் இருப்பதே மாத்திரையால்தான்.

விடாமல் எடுத்தால் என்ன கிடைக்கும்

ஒரு காலத்தில், சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று டாக்டர்களே யோசித்தார்கள். அதைச் சோதித்த ஸ்மார்ட் என்ற ஆய்வில் 33 நாடுகளைச் சேர்ந்த 5,472 பேர் கலந்துகொண்டனர். சிடி4 350-க்கு மேல் போனால் நிறுத்தி, 250-க்குக் கீழே வந்தால் மறுபடி தொடங்கியவர்கள் ஒரு பிரிவு. விடாமல் எடுத்தவர்கள் மற்றொரு பிரிவு. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி குறையும்போது தாக்கும் சந்தர்ப்பவாதத் தொற்றோ மரணமோ நேரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்ததால், 2006 ஜனவரியில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதயம், ஈரல், சிறுநீரகப் பாதிப்பும் மருந்தை நிறுத்தியவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. மருந்துதான் உடம்பைக் கெடுக்கிறது, இடைவெளி விட்டால் நல்லது என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருப்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோய், மரணம் ஆகியவற்றின் ஆபத்து 57 சதவீதம் குறைந்தது என்று 2015-ல் ஸ்டார்ட் ஆய்வு காட்டியது. சிடி4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று இந்தியா 2017-ல் கொள்கையை மாற்றியது. சீக்கிரம் தொடங்கி விடாமல் எடுப்பவரின் ஆயுள் இன்று மற்றவர்களின் ஆயுளுக்கு மிக அருகில் வந்துவிட்டது.

துணைக்குக் கிடைக்கும் நன்மையை நம் மையங்களில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளிடம் ஒன்பது நாடுகளில் நடந்த எச்பிடிஎன் 052 ஆய்வில் சென்னையும் புனேவும் இடம்பெற்றன. உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்ததாக 2011-ல் அறிவித்தார்கள். அதன் பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தவரிடமிருந்து துணைக்குப் பரவியதாக ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, அதாவது வைரல் லோடு, கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவு மூலம் தொற்று பரவாது என்பதை உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. மற்ற பால்வினை நோய்களையும் கர்ப்பத்தையும் தவிர்க்க ஆணுறை வேண்டும் என்பது வேறு விஷயம். கர்ப்பிணியின் குழந்தைக்கும் இதே போன்ற நன்மை உண்டு. சிகிச்சை இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. தாயும் குழந்தையும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும்.

ஏழைகளைப் பற்றிச் சொல்லப்பட்டது

1986-ல் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று சென்னையில்தான் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் எடுத்த முயற்சி அது. பத்து வருஷம் கழித்து, 1996 வாக்கில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபோது அது பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான் எட்டியது. இண்டினாவிர் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீர் குடித்து விழுங்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். விலை பிரச்சினை தீர ஆரம்பித்ததும் வேறொரு தடை சொன்னார்கள். அந்த வருஷம் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் கடிகாரம் பார்த்து மருந்து சாப்பிடப் பழகாதவர்கள் என்ற பொருளில் பேசினார். ஏழை நாடுகளில் மருந்தைக் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள், எதிர்ப்புள்ள வைரஸ்தான் பரவும் என்பது அன்று பலர் நம்பிய வாதம்.

அது உண்மையில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த கட்டுரையின்படி, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் 77 சதவீதம் பேர் போதிய ஒழுங்கோடு மருந்து எடுத்தார்கள். வட அமெரிக்காவில் 55 சதவீதம் பேர்தான். நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு அரசு மையங்களில் இலவச ஏஆர்டி தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. அன்று கொடுத்த ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்ட வைத்தது, பாதத்தை மரத்துப்போகச் செய்தது. அதையும் காலை ஒன்று, இரவு ஒன்று என்று விழுங்கி, பிழைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

படிப்பு, வசதி, ஒழுக்கம் இவற்றை வைத்து யார் மாத்திரையை விடாமல் எடுப்பார்கள் என்று கணிக்க முடியாது. அப்படியானால் எது தீர்மானிக்கிறது?

மறதியா, மறைப்பா?

ஏன் விட்டுப்போனது என்று கேட்டால் முதலில் வரும் பதில் "மறந்துட்டேன்" என்பதாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் வேறு பதில் வரும். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன், எல்லாரும் கூடத்தில் படுத்திருந்தோம், பையைத் திறக்க முடியவில்லை. மாமியார் சமையல்கட்டை விட்டு நகரவே இல்லை. ஹாஸ்டல் ரூமில் நான்கு பேர். இவற்றில் எதுவும் மறதி இல்லை. மாத்திரை நேரம் நன்றாக நினைவிருக்கிறது, கண் எதிரே ஆள் இருக்கிறது.

அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக், முப்பது மாத்திரை, உள்ளே ஈரம் உறிஞ்சும் சின்ன பாக்கெட். மாதக் கடைசியில் ஏழெட்டு மாத்திரைதான் இருக்கும்போது பஸ் குலுங்கினால் கலகலவென்று சத்தம் போடும். அதற்காக மேலே பஞ்சு திணித்துவைப்பவர்கள் உண்டு. லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மையத்து வாசலிலேயே எல்லாவற்றையும் பேப்பரில் கொட்டி மடித்துக்கொண்டு டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கடைசிக் காரியம் வேண்டாம். டோலுடெகிராவிருக்கு ஈரம் ஆகாது. இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் இறுக்கி மூடும் சின்ன டப்பியில் எடுத்துக்கொண்டு, மற்றதை அந்த ஈரம் உறிஞ்சும் பாக்கெட்டோடு அதே டப்பாவில் வைத்திருங்கள். சத்தத்துக்குப் பஞ்சு வைப்பதானால் சுத்தமான, உலர்ந்த பஞ்சாக இருக்கட்டும். லேபிளைச் சுரண்டுவதானால், காலாவதி தேதியைத் தனியே குறித்து வைத்துக்கொண்டு சுரண்டுங்கள்.

ஒளித்துவைத்துச் சாப்பிட முடியாதா என்றால், முடியும். வருஷக்கணக்கில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு தனிமையான நிமிஷத்தைத் தேட வேண்டியிருக்கிறது. கிடைக்காத நாளில் மாத்திரை போகாது. வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தாலும் இந்தத் தேடல் நின்றுவிடும். அலமாரியில் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் இந்த டப்பாவுக்கும் ஓர் இடம் வந்துவிடும். "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க ஒரு குரல் இருக்கும்.

அந்த ஒருவர் யார் என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள். சொன்னால் என்ன ஆகும் என்று அஞ்சுகிறீர்களோ, அந்த அச்சம் பல வீடுகளில் நியாயமானதே. அடி விழும், வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற நிலை இருந்தால் முதலில் கவுன்சலரிடம் பேசுங்கள். அவரே நடுவில் இருந்து சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் நிலையை வெளியிடக் கூடாது, வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ள எச்ஐவி எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அத்தையோ, அக்காவோ, கூட வேலை பார்ப்பவரோ, யார் பழைய ரகசியம் ஒன்றைக் காப்பாற்றினாரோ அவரே பெரும்பாலும் சரியான ஆள். வீட்டில் யாரும் இல்லையென்றால், எச்ஐவி உள்ளவர்களே சேர்ந்து மாவட்டம்தோறும் நடத்தும் பாசிட்டிவ் சங்கங்களில் அப்படி ஒருவர் கிடைப்பார்.

தொற்றோடு பிறந்த பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. சத்து மாத்திரை என்று சொல்லியே பதினைந்து வயது வரை கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருநாள் டப்பாவின் பெயரைப் போனில் தேடிப் பார்க்கும். தனியாகத் தெரிந்துகொள்ளும் பிள்ளை கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடும். பள்ளி வயதிலேயே, புரிகிற அளவுக்குப் படிப்படியாகச் சொல்லிவிடுவது நல்லது. எப்படி, எந்த வயதில் என்பதைக் கவுன்சலரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

நேரம் வைப்பது

எந்த நேரம் என்பது மாத்திரைக்கு முக்கியமில்லை. உங்கள் நாளில் எது அசையாத நேரமோ அதுவே சரி. பல் துலக்குவது, காலை டீ, சாமி விளக்கு ஏற்றுவது, எட்டு மணி சீரியல் என்று ஏற்கெனவே தப்பாமல் நடப்பதோடு சேர்த்துவிடுங்கள். டோலுடெகிராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் காலைக்கு மாற்றிக்கொண்டால் போதும். போன் அலாரம் நல்லது. அதற்கு "மாத்திரை" என்று பெயர் வைக்காதீர்கள், "பால்காரர்" என்று வைத்தாலும் உங்களுக்குப் புரியும்.

ஷிஃப்ட் மாறும் வேலையில் இருப்பவர்கள் கடிகார நேரத்தைவிட, தூங்கி எழுந்ததும் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் மாறும்போது சில மணி நேரம் முன்பின் ஆகும். ஒரு நாளை முழுதாக விடுவதைவிட அது எவ்வளவோ மேல். லாரி ஓட்டுகிறவர்கள், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் கிளம்பும் முன் மையத்தில் சொல்லிவிட வேண்டும். கூடுதல் மாதங்களுக்கு மருந்து தரவோ, போகிற ஊருக்குப் பக்கத்து மையத்தில் வாங்கிக்கொள்ளவோ வழி செய்வார்கள். நாடு முழுக்க எல்லா அரசு ஏஆர்டி மையங்களிலும் இது இலவசம். மருந்து டப்பாவோடு, உங்கள் சிகிச்சை விவரம் எழுதி மையத்தில் தரும் பச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதன் முக்கியப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

விட்டுப்போனால், நினைவு வந்த உடனே போட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் இருக்கிறது என்றால் விட்டதை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஈடுகட்ட இரண்டாகப் போட வேண்டாம். போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தாலோ, மாத்திரை வெளியே வந்தது கண்ணில் பட்டாலோ இன்னொன்று போடுங்கள்.

கூட எது போகலாம், எது கூடாது

ஒழுங்காகப் போட்டும் வைரஸ் அடங்காமல் இருப்பதற்கு, கூடச் சாப்பிடும் வேறு மருந்துகளும் ஒரு காரணம், பலருக்கும் தெரியாத காரணம். இரும்பு, கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் ஆகியவை டோலுடெகிராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாது. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில், டைஜீன் போன்றவை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, வைட்டமினோடு தாது உப்பும் கலந்த டானிக் எல்லாம் இதில் அடங்கும். சித்த மருந்துகளில் அயச்செந்தூரத்தில் இரும்பும் சங்கு பற்பத்தில் கால்சியமும் இருக்கின்றன. இவற்றைச் சாப்பிடுவதானால் ஏஆர்டி மாத்திரையை இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ போடுங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து ஒன்றாகவும் போடலாம். நெஞ்செரிச்சல் மருந்துக்கு இந்தச் சலுகை இல்லை.

டிபி சிகிச்சையில் ரிஃபாம்பிசின் இருந்தால் அது டோலுடெகிராவிரின் அளவைக் குறைத்துவிடும். அதற்காக 12 மணி நேரம் கழித்து டோலுடெகிராவிர் 50 மட்டும் தனியாக இன்னொன்று கொடுப்பார்கள். டிபி மருந்து முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடரும், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவரும் வலிப்புக்கு மருந்து எடுப்பவரும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மெட்ஃபார்மினை ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். மருந்தை நிறுத்திப் பார்க்கச் சொல்லும் வைத்தியர், எவ்வளவு பெரிய பெயர் வாங்கியவராக இருந்தாலும், அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்து உள்ளவருக்கு இது இரட்டை ஆபத்து. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்தக் கிருமியையும் அடக்கி வைத்திருப்பதால், திடீரென்று நிறுத்தினால் ஈரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

குடிப்பவர்களில் பலர், குடித்த அன்று மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறார்கள். அப்படி ஆகாது. குடி ஈரலைக் கெடுக்கும், நேரத்தை மறக்கடிக்கும், அதைக் குறைக்க உதவியும் கேட்க வேண்டும். ஆனால் குடித்துவிட்டோம் என்பதற்காக அன்றைய மாத்திரையை விடக் கூடாது. விரதமும் தடையில்லை. தண்ணீர் மட்டும் குடிக்கும் விரதத்தில் தண்ணீரோடு போடலாம். ரமலான் நோன்பில் சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் குறைவு வரலாம், தானாகப் போய்விடும். எடை ஏறலாம். சிடி4 மிகக் குறைந்த நிலையில் தொடங்குகிறவர்களிடம் இன்னொன்றும் நடக்கும். உடம்பில் பதுங்கியிருந்த டிபி போன்ற தொற்றை, தெம்பு திரும்பிய எதிர்ப்புச் சக்தி எதிர்க்கத் தொடங்கும்போது காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது என்று வெளிப்படும். "மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகுதான் படுத்தேன்" என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாமல் அன்றைக்கே மையத்துக்குப் போக வேண்டிய கட்டமும் இதுதான்.

மேஜையில் நடக்கும் எண்ணிக்கை

மையத்துக்குப் போகும்போது மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் எடுத்துவரச் சொல்வார்கள். கவுன்சலரோ நர்ஸோ டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவார்கள். போன முறை கையில் 4 இருந்தது, 30 கொடுத்தார்கள், இன்று முப்பதாவது நாள். மிச்சம் 4 இருக்க வேண்டும், 6 இருக்கிறது. அப்படியென்றால் 30-ல் 28 போயிருக்கிறது, 93 சதவீதம். 95-க்கு மேல் இருக்க வேண்டும் என்பார்கள். இண்டினாவிர் போன்ற பழைய புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகளை வைத்து 2000-ல் வந்த ஓர் ஆய்வில், 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான் வைரஸ் அடங்கவில்லை. 80-க்குக் கீழே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு அடங்கவில்லை. அந்த 95 என்ற எண் அப்போதிருந்து நிலைத்துவிட்டது. டிஎல்டிக்கு அவ்வளவு கறார் தேவையில்லை என்றாலும், இலக்காக அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

திட்டு விழும் என்று பயந்து, கணக்குச் சரியாக வரும்படி இரண்டு மாத்திரையை வழியிலேயே எறிந்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எறிய வைத்தது அந்தத் திட்டுதான், ஆகவே இதில் மையத்துக்கும் பங்கு உண்டு. "மாத்திரையெல்லாம் கரெக்டா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேங்க மேடம்" என்ற பதில் மட்டுமே வரும். "எல்லாருக்குமே ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும்ணே, இந்த மாசம் உங்களுக்கு எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும். வீட்டில் இருப்பவர்களும் இப்படியே கேட்டுப் பழகலாம்.

எண்ணிக்கை ஏமாறும், வைரல் லோடு பரிசோதனை ஏமாறாது. தொடங்கி ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை இதை இலவசமாகச் செய்கிறார்கள். ஒரு மில்லிலிட்டரில் 1,000-க்கு மேல் வந்தால் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். எங்கே இடறுகிறது என்று சில மாதம் தொடர்ந்து பேசி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுப்பார்கள். மாத்திரை ஒழுங்கானதும் அடங்கிவிடுகிற வைரஸ் நிறைய. அதற்கும் அடங்காவிட்டால்தான் அடுத்த கட்ட மருந்து. அதில் மாத்திரைகள் கூடும், தேர்வுகள் குறையும். உங்கள் எண்ணைக் கேட்டு வாங்கி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் எண்.

நிறுத்திவிட்டவர்களுக்கு

மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ நிறுத்தியிருந்தாலும் மறுபடி தொடங்கலாம். வீட்டில் கிடக்கும் பழைய டப்பாவைத் திறந்து நீங்களாகத் தொடங்க வேண்டாம், மையத்துக்குப் போங்கள். பழைய மையத்தில் முகம் காட்டக் கூச்சமாக இருந்தால் வேறு மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேளுங்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. பச்சைப் புத்தகம் தொலைந்திருந்தாலும் உங்கள் பதிவு மையத்தில் இருக்கும். எத்தனை நாள் விட்டது, இடையில் வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எடை எவ்வளவு குறைந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். இருமல், இரவு வியர்வை, விடாத தலைவலி, பார்வை மங்கல் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். டிபி இருக்கிறதா, மூளைக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கான மருந்தை முன்னே தொடங்கி, ஏஆர்டியைச் சில வாரம் தள்ளிக்கூட வைப்பார்கள். அந்த இடைவெளியைப் பார்த்து உங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ணிவிடாமல், அவர்கள் சொல்லும் தேதியில் மறுபடி வாருங்கள்.